மூன்றாவது உறைபனி

டெல்பெர்ட் வந்தது ஏப்ரல் கடைசியில், சாலையெல்லாம் சேறாக இளகிக் கிடந்த வாரத்தில். லாரியை மேட்டிலேயே நிறுத்திவிட்டு ரப்பர் பூட்சோடு நடந்து வந்தான். கையில் ஓர் அட்டைப்பெட்டி. வெல்மாவின் சமையலறைக்குள் நுழைந்ததும் தொப்பியைக் கழற்றினான். வெல்மாவுக்கு அப்போதே தெரிந்துவிட்டது. நல்ல விஷயம் சொல்ல வருகிறவன் தொப்பியைக் கழற்றுகிற ஊர் அல்ல அது.

"கடையைச் சாத்தறேன்," என்றான்.

கடை என்று ஒன்றும் கிடையாது. அவன் வீட்டுக்குப் பின்னால் பழைய படகுக் கொட்டகை. அதற்குள் இருபது விளக்கு போட்டுக் கஞ்சாச் செடி வளர்த்தான். அமெரிக்காவின் மேய்ன் மாநிலத்துச் சட்டத்தில் அவனுக்குப் பெயர் பராமரிப்பாளர். டாக்டர் சான்று எழுதித் தந்த நோயாளிகளுக்குச் செடி வளர்த்து, எண்ணெய் இறக்கி, குப்பியில் அடைத்துத் தரலாம். ஊரில் அவனைச் செடிக்காரன் என்பார்கள்.

ஜன்னலோரம் உட்கார்ந்திருந்த வெல்மாவின் புருஷன் ஹார்லன் திரும்பிப் பார்த்தான். "ஏன், என்னாச்சு?"

"கரண்டு பில்லுதான். இந்தக் குளிர்காலத்துக்கு வந்த பில்லைப் பாத்துட்டு என் பொண்டாட்டி எங்கிட்டப் பேசறதையே நிறுத்திட்டா."

"அது லாபம்தானே?"

"அது லாபம். பில்லு நிக்கலையே. முப்பது பேரு வாங்கிட்டிருந்தாங்க, ஹார்லன். எல்ஸ்வொர்த்துல பெரிய கடை வந்ததும் ஊதறவன் எல்லாம் அங்க ஓடிட்டான். அவனுக்கு அங்க மலிவு. எண்ணெய் வாங்கறவங்க ஏழு பேருதான் எங்கிட்ட மிச்சம். ஏழு பேருக்கு இருவது விளக்கு எரிச்சா நான் சோத்துக்கு என்ன பண்றது? மச்சான் படகுல ஆளு கேக்கறான். சிங்கி இறால் கூண்டுக்கு இரை வைக்கப் போறேன்."

பெட்டியில் ஏழு குப்பி எண்ணெய் இருந்தது. மாதத்துக்கு ஒன்று வீதம் நவம்பர் வரை வரும். பக்கத்தில் காகிதக் கோப்பைகளில் ஆறு நாற்று, ஒவ்வொன்றும் விரல் நீளம்.

"ஏழு பேருக்கும் ஆளுக்கு ஆறு கொடுக்கறேன். நோயாளி அவன் தேவைக்கு ஆறு செடி வச்சுக்கலாம், சட்டம் இருக்கு. ஒருத்தன் வந்து கேக்க முடியாது." டெல்பெர்ட் சட்டைப்பையிலிருந்து ஒரு சின்ன உருப்பெருக்கிக் கண்ணாடியை எடுத்து வைத்தான். "அக்டோபர் முதல் வாரம் மொட்டை இதால பாரு. மேல துளித்துளியா பிசின் நிக்கும். முதல்ல தண்ணி மாதிரி, அப்புறம் பாலு மாதிரி. பாலு தேன் நிறத்துக்குத் திரும்ப ஆரம்பிச்சதும் வெட்டிடு. தள்ளிப்போடாத, வெல்மா. நம்மூரு மூடுபனிக்கு அது தாங்காது."

"சரி," என்றாள் வெல்மா. அவனுக்கு ஒரு டம்ளர் காப்பியும் வெல்லப்பாகு டோனட்டும் கொடுத்தாள். அவன் நின்றபடியே தின்றுவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனான்.

ஹார்லன் முப்பது வருடம் சிப்பி தோண்டினவன். கடல் உள்வாங்கினதும் சேற்றில் இறங்கி, இடுப்பை இரண்டாக மடித்து, குட்டைப்பிடி முள்வாரியால் தோண்டித் தோண்டி முதுகு முன்பே பாதி போயிருந்தது. மீதியை ஒரு மார்ச் மாதம் படகு ஏற்றும் இழுவைவண்டி சறுக்கி வந்து முடித்துவைத்தது. நடக்க முடியும், கோல் வேண்டும். ஆனால் தொடையிலும் கெண்டைக்காலிலும் தசை தானாகச் சுருண்டு இழுக்கும். இழுக்கும்போது கால் மேசையை உதைக்கும். அவன் பல்லைக் கடித்துக்கொண்டு சுவரைப் பார்ப்பான்.

முதல் நான்கு வருடம் டாக்டர் எழுதித் தந்த வலி மாத்திரை, அபின் சேர்ந்த வகை. அந்த நான்கு வருடத்தைப் பற்றி வீட்டில் யாரும் பேசுவதில்லை. பீன்ஸ் தட்டில் முகத்தை வைத்துத் தூங்கினான். தங்கை கொரீன் அறுவைச் சிகிச்சை முடிந்து படுத்திருந்தபோது நலம் விசாரிக்கப் போய், அவள் குளியலறை அலமாரியில் இருந்த மாத்திரையைத் திருடினான். கொரீன் அதைத் தெரிந்துகொண்டு ஒன்றும் சொல்லாமல் இருந்ததுதான் அவனைச் சுட்டது. ஒரு பிப்ரவரியில் விறகுக் கொட்டகையில் ஒன்பது நாள் கிடந்து, வாந்தியெடுத்து, அதை விட்டான். அதன்பிறகு டெல்பெர்ட்டின் எண்ணெய். காலையில் மூன்று சொட்டு, மாலையில் மூன்று சொட்டு, நாக்குக்கு அடியில். கால் அடங்கியது. தட்டுக்கு முன்னால் அவன் முகம் மறுபடி விழித்திருந்தது.

இதில் ஒரு வேடிக்கை உண்டு. மாத்திரைக்கு இன்சூரன்ஸ்காரன் பணம் கட்டுவான். மருந்துக் கடையில் அவர்கள் கொடுக்க வேண்டியது மூன்று டாலர். எண்ணெய்க்கு ஒரு செம்புக்காசு கட்டமாட்டான். மாநிலம் அதை மருந்து என்கிறது, நாட்டுச் சட்டம் போதை என்கிறது, இன்சூரன்ஸ் நாட்டுச் சட்டத்தின் பக்கம் உட்கார்ந்துகொள்கிறது.

டெல்பெர்ட் ஒரு குப்பிக்கு முப்பது வாங்கினான். எல்ஸ்வொர்த் கடையில் நூற்றுப் பத்து, அதுவும் பாதி வீரியம், அறுபது மைல் ஓட்டிப் போக வேண்டும். அவர்கள் அங்கே ஒருமுறை போனார்கள். காதில் வளையம் போட்ட ஒருவன் சிரித்த முகமாக வந்து, "ரிலாக்ஸ் ஆகணுமா, தூங்கணுமா?" என்று கேட்டான்.

"கால் இழுக்குது," என்றான் ஹார்லன்.

"மாம்பழ வாசனையில மிட்டாய் இருக்கு சார். பெரியவங்க நிறையப் பேரு விரும்பறாங்க."

"காலு இழுக்குதுன்னு சொன்னா மாம்பழம்ங்கறான்," என்று ஹார்லன் அறுபது மைலும் சொல்லிக்கொண்டே வந்தான்.

அந்த ஆறு நாற்றையும் வெல்மா வீட்டுக்குத் தெற்கே, காற்று மறைப்பில் வைத்தாள். கரையில் ஒதுங்கின கடற்பாசியை வாரிவந்து மழையில் உப்புப் போக ஊறவிட்டுக் குழியில் போட்டாள். நண்டு ஓட்டை இடித்துப் போட்டாள். ஜூலையில் செடிகள் அவள் இடுப்புக்கு வந்தன, செப்டம்பரில் அவள் தலையைத் தாண்டின. மொட்டுகள் அவள் மணிக்கட்டுப் பருமன். காற்று வீசினால் நாற்றம் சாலை வரைக்கும் போயிற்று. தபால்காரன் தபாலை வீசிவிட்டு, காரின் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு போனான்.

கொரீனும் தன் நடமாடும் வீட்டுக்குப் பின்னால் ஆறு வைத்திருந்தாள். அவளுக்குக் குடல் அழற்சி. உடம்பில் சதையென்று ஒன்றும் இல்லை, வாய் மட்டும் முழுசாக இருந்தது. அவளும் டெல்பெர்ட்டின் ஏழு பேரில் ஒருத்தி. எண்ணெய் இருந்தால் சாப்பிடுவாள். இல்லாவிட்டால் மூன்று நாளைக்கு ஒரு கிண்ணம் கஞ்சி.

அக்டோபர் முதல் வாரம் அவள் கத்தரிக்கோலோடு வந்து நின்றாள்.

"அண்ணி, டெல்பெர்ட் சொன்ன மாதிரியே தேன் நிறம் வந்திருச்சு. வெட்டிடலாமா?"

வெல்மா மொட்டைக் கிள்ளி விரலில் தேய்த்தாள். முகர்ந்தாள். உருப்பெருக்கியை எடுக்கவில்லை.

"இன்னும் பனியே விழலையேடி."

"பனிக்கும் இதுக்கும் என்ன?"

"பிசின் இருக்குல்ல? எந்தப் பிசினும் மூணு பனி பாக்காம இறுகாது. வெட்டினா அத்தனையும் தண்ணி."

இது அவள் வாய்க்கு வந்ததைச் சொன்னதல்ல. நாற்பது வருடமாக வெல்மா நுனி ஒடிக்கிறவள். இந்தக் கடலோரத்தில் நவம்பரிலிருந்து கிறிஸ்துமஸ் வரைக்கும் பாதி வீடுகள் ஃபர் என்கிற ஊசியிலை மரத்தின் நுனிக்கொம்பை ஒடித்து, கம்பி வளையத்தில் கொத்துக்கொத்தாகக் கட்டி, வாசற்கதவில் மாட்டுகிற பச்சை வளையமாக்கி லாரியில் ஏற்றித்தான் குளிர்காலத்தை ஓட்டுகின்றன. அந்தத் தொழிலுக்கு ஒரே ஒரு விதி. மூன்று கடும் உறைபனி விழுவதற்கு முன் மரத்தில் கை வைக்கக் கூடாது. மூன்று பனி கண்ட நுனியில்தான் பிசின் இறுகி ஊசியிலையைப் பிடித்துக்கொள்ளும். அவசரப்பட்டு ஒடித்தால் வளையம் பாஸ்டன் போய்ச் சேருவதற்குள் வெறும் குச்சியாகிவிடும். எது முதல் பனி, எது இரண்டாவது, எது கணக்கில் சேராத பொய்ப்பனி என்று அந்தச் சுற்றுவட்டாரத்தில் சொல்கிறவள் வெல்மா. அவள் சொன்னால் நாற்பது பேர் காட்டுக்குள் இறங்குவார்கள்.

"டெல்பெர்ட் வேற மாதிரி சொன்னான்," என்றான் ஹார்லன் நாற்காலியிலிருந்து.

"டெல்பெர்ட் கொட்டகைக்குள்ள விளக்குல வளத்தவன். அவன் செடி பனியைப் பாத்ததே இல்ல. பிசின் விஷயத்துல அவன் எனக்குப் பாடம் நடத்த வேண்டாம்."

"அவன் அந்தச் செடியை வச்சே பன்னெண்டு வருஷம் பொழைச்சிருக்கான்."

"நான் நாப்பது வருஷம்."

கொரீன் கத்தரிக்கோலைப் பைக்குள் போட்டுக்கொண்டு, "நீங்க சொன்னா சரி அண்ணி," என்று போய்விட்டாள்.

அந்த வாரமே தபால் நிலையத்தில் ஜோசலின் எதிர்ப்பட்டாள். கனெக்டிகட்டிலிருந்து வந்து குடியேறினவள். நீதிமன்றத்தில் எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவள். ஊருக்கு வந்து இருபத்திரண்டு வருடம் ஆகிறது, இன்னும் அவள் வெளியூர்க்காரிதான். செத்தாலும் கல்லறையில் வெளியூர்க்காரியாகத்தான் கிடப்பாள். புற்றுநோய் மருந்து ஏற்றிக்கொண்டதில் அவள் கைவிரல் நரம்பெல்லாம் எரியும். அவளும் அந்த ஏழு பேரில் ஒருத்தி.

"நான் நேத்து வெட்டிட்டேன்," என்றாள் ஜோசலின். "ரெண்டே செடிதான் பாத்துக்க முடிஞ்சது. நீங்க?"

"பனி விழுறதுக்குள்ளயா?" வெல்மா வரிசையில் நின்றவர்களைத் திரும்பிப் பார்த்தாள். "எண்ணெய் இறக்கினா சொல்லுங்க ஜோசலின், காப்பிக்கு ஊத்திக்கலாம். தண்ணியாத்தான் இருக்கும்."

தபால் நிலையம் முழுக்கச் சிரித்தது. ஜோசலினும் சிரித்தாள், ஆனால் உதட்டால் மட்டும்.

முதல் பனி அக்டோபர் பதினாலாம் தேதி விழுந்தது. வாளித் தண்ணீரில் கண்ணாடிபோல் ஏடு கட்டியிருந்தது. வெல்மா கணக்கில் சேர்த்துக்கொண்டாள். அதன்பிறகு காற்று திரும்பி, கடலிலிருந்து மூடுபனி ஏறி எட்டு நாள் கிடந்தது. வெதுவெதுப்பான, ஈரமான, வீட்டுக்குள் உப்பும் தீப்பெட்டியும் நமுத்துப்போகிற பனி. இரண்டாவது உறைபனிக்குப் பிறகு மழை. மூன்றாவது நவம்பர் மூன்றாம் தேதி விடியலில் விழுந்தது. புல் காலடியில் நொறுங்கிற்று. அன்று காலை ஊரே காட்டுக்குள் போயிற்று. வெல்மா மட்டும் முதலில் வீட்டுக்குத் தெற்கே போனாள்.

வெளியிலிருந்து பார்க்க மொட்டுகள் நன்றாகத்தான் இருந்தன. பனி படிந்து வெள்ளையாக மின்னின. முதல் மொட்டை வளைத்தாள். அது வளையாமல் கையோடு வந்தது. பிரித்தாள். உள்ளே சாம்பல். பழைய கம்பளிப் போர்வைக்குள்ளிருந்து எடுத்ததுபோல மொசமொசவென்று சாம்பல் நிறப் பூஞ்சை, விரல் பட்டதும் புகையாகப் பறந்தது. இரண்டாவது மொட்டும் அப்படியே. மூன்றாவது செடி, ஐந்தாவது செடி. அடியில் வெயில் படாத சின்ன மொட்டுகள் மட்டும் தப்பியிருந்தன. ஒரு கைப்பிடி தேறும்.

பிறகு ஆறு செடியையும் வேரோடு பிடுங்கி, குப்பை எரிக்கும் பீப்பாயில் திணித்து, மண்ணெண்ணெய் ஊற்றினாள்.

ஹார்லன் கோலை ஊன்றி வாசலுக்கு வந்தான். "பூஞ்சையை வெட்டியெடுத்துட்டு மிச்சத்தைக் காய்ச்சலாமே?"

"வண்டு வச்ச மாவைச் சலிக்கலாம். இதைச் சலிக்க முடியாது. கொடலுக்குள்ள போனா என்னாகும்னு தெரியாது."

"கொரீன்கிட்ட சொல்லிட்டியா?"

சொல்ல வேண்டியிருக்கவில்லை. மறுநாள் வளையம் கட்டும் கொட்டகையில் வெல்மா நுழைந்தபோது கொரீன் ஏற்கெனவே அங்கே இருந்தாள். நீளமான மேசை, நடுவில் விறகடுப்பு, பத்துப் பெண்கள், கம்பி இழுக்கிற சத்தம். கொரீன் ஒரு பிளாஸ்டிக் பையை மேசைமேல் கவிழ்த்தாள். சாம்பல் மொட்டுகள் பச்சை நுனிகளின்மேல் உருண்டன.

"இந்தாங்க அண்ணி. மூணு பனி பாத்தது. நல்லா இறுகியிருக்கு, எடுத்துக்கங்க."

கம்பிச் சத்தம் நின்றது.

"வெட்டறேன்னு கத்தரிக்கோலோட வந்தேன். உங்க வாசல்ல வந்து நின்னேன். டெல்பெர்ட் சொன்னான், எங்கண்ணன் சொன்னான், அந்தக் கண்ணாடி சொல்லிச்சு. உங்களுக்கு மட்டும் எல்லாம் தெரியும். என் எண்ணெய் போன வாரமே தீந்திருச்சு. நான் நேத்து என்ன சாப்ட்டேன்னு கேளுங்க."

"என்ன சாப்ட்ட?"

"ஒண்ணும் இல்ல!"

"நான் பண்ணது தப்பு," என்றாள் வெல்மா. பத்துப் பேருக்கும் கேட்கிற மாதிரிதான் சொன்னாள். "ஃபர் மரம்னு நெனச்சுட்டேன். அது ஃபர் மரம் இல்ல."

அந்த வாயிலிருந்து அந்த வார்த்தையை யாரும் அதற்கு முன் கேட்டதில்லை. கொரீனுக்கு மேற்கொண்டு கத்த வழி தெரியவில்லை. "இப்ப சொல்லி?" என்றாள். மொட்டுகளைத் திரும்பப் பையில் வாரிப்போட்டுக்கொண்டு உட்கார்ந்து வேலையைப் பார்த்தாள். அன்று காலை முழுக்க வெல்மா பக்கம் கம்பிச்சுருளைத் தள்ளவேண்டி வந்தபோதெல்லாம் முகத்தைத் திருப்பிக்கொண்டு தள்ளினாள்.

மதியம் வீட்டுக்கு வந்தபோது ஹார்லன் சிப்பி சூப்பைச் சூடுபண்ணி வைத்திருந்தான். நின்றுகொண்டு சமைத்ததால் காலில் இழுப்பு தொடங்கியிருந்தது. வெல்மா பன்றிக்கொழுப்பைத் தேய்த்துக் கையிலிருந்த பிசினை எடுத்தாள். இருவரும் சாப்பிட்டார்கள்.

"எவ்வளவு இருக்கு?" என்றாள்.

"அரைக் குப்பி. பன்னெண்டு நாள்."

"எல்ஸ்வொர்த்துல..."

"அந்தக் கணக்கை நான் போட்டுட்டேன். நீ கட்டற வளையம் அத்தனையும் எனக்கே போகும். வெறகு யாரு வாங்கறது?" அவன் கரண்டியை வைத்தான். "டாக்டருக்குப் போன் பண்ணிட்டேன்."

"எதுக்கு?"

"பழைய மாத்திரை எழுதித் தரச் சொல்லி."

"எப்ப பண்ணின?"

"நீ பீப்பாய்ல எரிச்சிட்டிருந்தப்ப." அவன் அவள் முகத்தைப் பார்க்கவில்லை. "மூணு டாலர் வெல்மா. ஒரு மாசத்துக்கு மட்டும். அடுத்து ஏதாவது வழி தெரியற வரைக்கும்."

"அந்த ஒரு மாசம் போன தடவை நாலு வருஷம் ஓடுச்சு."

"தெரியும்."

"தட்டுல மூஞ்சி வச்சுக் கெடந்த."

"நான்தானே கெடந்தேன், எனக்குத் தெரியாதா? கால் இழுத்தா நீ படுக்கையில தனியாத் தூங்கற, நான் இங்க உக்காந்து சுவத்தைப் பாக்கறேன். எத்தனை நாள் பாக்கறது? நீ சொல்லு."

வெல்மா எழுந்தாள். கிண்ணங்களைக் கழுவிக் கவிழ்த்தாள். பிறகு கோட்டைப் போட்டுக்கொண்டு, கொட்டகையில் கட்டி முடித்ததிலேயே நல்ல வளையமாக, இரண்டு பக்கமும் நுனி அடர்ந்ததாக, ஒன்றை எடுத்து லாரியில் வைத்தாள்.

"எங்க?" என்றான் ஹார்லன்.

"வெளியூர்க்காரி வீட்டுக்கு."

ஜோசலின் வீடு கடல்முனையில் இருந்தது. கதவைத் திறந்தவள் கையுறை போட்டிருந்தாள், வீட்டுக்குள்ளேயே. வெல்மாவைப் பார்த்து ஆச்சரியப்பட்டதாகக் காட்டிக்கொள்ளவில்லை.

"உக்காருங்க. காப்பி?"

"வேண்டாம். உக்காந்தா கேக்க வராது. நின்னே கேட்டுடறேன்." வெல்மா வாசற்படியிலேயே நின்றாள். "என் செடி அத்தனையும் பூஞ்சை. கொரீனோடதும். என்னால. அன்னைக்கு தபாலாபீஸ்ல உங்களைப் பாத்து நான் சிரிச்சேன்."

"எல்லாரும் சிரிச்சாங்க."

"நான் ஆரம்பிச்சு வச்சேன். உங்ககிட்ட எவ்வளவு இருக்கு, எவ்வளவு தரமுடியும், என்ன விலை?"

ஜோசலின் உள்ளே போனாள். சமையலறை அலமாரியைத் திறந்து காட்டினாள். ஆறு கண்ணாடி ஜாடி, ஒவ்வொன்றிலும் பச்சையும் பழுப்புமாக உலர்ந்த மொட்டு. வாசனை கதவு வரைக்கும் வந்தது. சுத்தமான வாசனை.

"விலை சொல்ல முடியாது," என்றாள் ஜோசலின். "சட்டம் படிச்சிருக்கேன். நோயாளி நோயாளிக்குக் கொடுக்கலாம், விக்கக் கூடாது. வித்தா நான் குத்தவாளி. பராமரிப்பாளர்னு பதிவு பண்ணவங்கதான் விக்கலாம்."

"சரி, காசு வேண்டாம்னா இதை வச்சுக்கங்க." வெல்மா வளையத்தை நீட்டினாள்.

ஜோசலின் அதைப் பார்த்தாள். உண்மையிலேயே நல்ல வளையம். "அதுவும் முடியாது."

"வளையம்தானே? கதவுல மாட்டறது!"

"கைமாறா எது வாங்கினாலும் அது வியாபாரம். முப்பது வருஷம் கோர்ட்டுல உக்காந்து மத்தவங்க எப்படி மாட்டினாங்கன்னு எழுதிட்டிருந்தவ நான்."

"யாரு வந்து பாக்கப் போறா?"

"நீங்க பாப்பீங்க. நாளைக்கே ஊர்ல, 'ஒரு வளையத்துக்கு வித்தா'ன்னு சொல்வீங்க."

வெல்மா வளையத்தை இறக்கினாள். சொல்லியிருப்பாள்தான்.

"நாங்க சும்மா எதையும் வாங்கறதில்ல ஜோசலின். எங்க வழக்கம் அது இல்ல. இந்த ஊர்ல ஒரு முட்டை வாங்கினாக்கூட மறுநாள் எதையாவது திருப்பிக் கொண்டுபோய் வைப்போம்."

"தெரியும். இருபத்திரெண்டு வருஷமாப் பாக்கறேன். எனக்கு யாரும் ஒரு முட்டைகூடக் கொடுத்ததில்ல. நான் என்ன திருப்பித் தரப்போறேனோன்னு பயம்."

கடல் பக்கமிருந்து காற்று வந்து வளையத்தின் நுனிகளை அசைத்தது. ஜோசலின் கையுறைக் கைகளால் ஜாடிகளைச் சிரமப்பட்டு எடுத்தாள். ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு. மேசைமேல் வரிசையாக வைத்தாள்.

"ரெண்டு எனக்குப் போதும். நாலு எடுத்துக்கங்க. உங்க வீட்டுக்கு ரெண்டு, கொரீனுக்கு ரெண்டு. சும்மா. ஒண்ணும் திருப்பித் தரக் கூடாது. முடியுமா உங்களால?"

வெல்மாவுக்கு அது முடியாத காரியமாகத்தான் இருந்தது. முதுகெலும்பில் யாரோ கை வைத்து அழுத்துவதுபோல் இருந்தது. ஹார்லன் விறகுக் கொட்டகையில் கிடந்த ஒன்பது நாளை நினைத்துக்கொண்டாள். ஜாடிகளைக் கோட்டுப் பைகளில் இரண்டும் கைகளில் இரண்டுமாக எடுத்துக்கொண்டாள். வளையம் கழுத்தில் மாட்ட வேண்டியதாயிற்று, கையில் இடமில்லை.

"முடியும்," என்றாள். வண்டிக் குதிரைபோல வளையத்தைக் கழுத்தில் போட்டுக்கொண்டு அந்த வீட்டிலிருந்து இறங்கி நடந்தாள். ஜோசலின் கதவைச் சாத்தும்போது சிரித்தது கேட்டது. இந்த முறை முழுச் சிரிப்பு.

கொரீன் வீட்டில் கதவு பாதிதான் திறந்தது. வெல்மா இரண்டு ஜாடியை நீட்டினாள்.

"யாரோடது?"

"ஜோசலினோடது. சும்மா கொடுத்தா."

"நீங்க சும்மா வாங்கினீங்களா?" கொரீன் கதவை முழுசாகத் திறந்தாள். "உடம்பு சரியில்லையா அண்ணி?"

"பேசாம அடுப்பை மூட்டு. தாழ்ந்த சூட்டுல மூணு மணி நேரம் வைக்கணும், கொதிக்க விடக் கூடாது. ஜோசலின் ஒரு தாள்ல எழுதிக் கொடுத்திருக்கா. அதுல எழுதியிருக்கிற மாதிரியே பண்ணு. நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன்."

"அதான் நல்லது," என்றாள் கொரீன். ஜாடிகளை வெளிச்சத்தில் தூக்கி, வெல்மாவின் பையிலிருந்தவற்றோடு ஒப்பிட்டுப் பார்த்து, ஒரு விரல் குறைவாக இருந்ததை நீட்டி, "இதை மாத்திக் கொடுங்க, எனக்குக் கம்மி," என்றாள். வெல்மா மாற்றிக் கொடுத்தாள்.

இரண்டு ஜாடிக்கு வந்த எண்ணெய், மூன்று சொட்டு வீதம் ஊற்றினால் ஜனவரி கடைசியில் தீரும். இரண்டு சொட்டு என்றால் மார்ச்சைத் தொடும். டெல்பெர்ட் படகிலிருந்து இறங்கின ஞாயிறு அவனிடம் போய் நின்று, முழுசாகத் திட்டு வாங்கிக்கொண்டு, விற்காமல் கிடந்த இரண்டு விளக்கும் ஒரு சிட்டிகை விதையும் வாங்கி வந்தாள். நிலவறையில் உருளைக்கிழங்குப் பெட்டிக்குப் பக்கத்தில் ஆறு கோப்பை வைத்து விளக்கை மாட்டினாள். அவை தலையெடுத்து மொட்டு வைத்து எண்ணெயாக நான்கு மாதத்துக்கு மேல் ஆகும்.

"ரெண்டு சொட்டு," என்றான் ஹார்லன். "பாத்துக்கலாம்."

இரண்டு சொட்டு போதவில்லை. மூன்றாம் நாளே அது தெரிந்தது. கால் முழுக்க அடங்காமல், கதவைத் தட்டிவிட்டு ஓடுகிறவன் போல வந்து வந்து போயிற்று. அவன் தூங்காமல் வெளுத்துப் போனான். வெல்மா அதைப் பார்த்தாள். மூன்றாவது சொட்டை ஊற்றட்டுமா என்று கேட்கவில்லை. கேட்டால் வேண்டுமென்பான், மார்ச் வராது.

டிசம்பர் முதல் வாரம் வேலை நெருக்கியது. லாரி வியாழக்கிழமை வரும், அறுபது வளையம் பாக்கி. வெல்மா மேசையை வீட்டுக்கே கொண்டுவந்து சமையலறையில் போட்டுக் கட்டிக்கொண்டிருந்தாள். தரையெல்லாம் ஃபர் நுனி. வெளியே சிறுதூறலாகப் பனி. ஹார்லன் கோலை நாற்காலியில் சாய்த்துவிட்டு எதிரில் உட்கார்ந்தான். நுனிகளை மூன்று மூன்றாக அடுக்கிக் கொத்தாக்கி அவள் பக்கம் வைக்க ஆரம்பித்தான். முதல் பத்துக் கொத்து கோணல். அவள் அவற்றை வளையத்தின் பின்பக்கத்துக்கு வைத்துக் கட்டினாள். பிறகு நேராக வந்தன.

தொலைபேசி அடித்தது. சுவரில், அவன் தலைக்கு மேலே. வெல்மா அசையவில்லை. நான்காவது மணிக்கு அவன் கையை நீட்டி எடுத்தான்.

"ஆமா, நான்தான்," என்றான். "ஆமா, நான்தான் கேட்டிருந்தேன்."

மருந்துக் கடைப் பெண் என்று வெல்மாவுக்குத் தெரிந்தது. மூன்று வாரமாக மாத்திரை கட்டி வைத்திருக்கிறார்கள். இது அவர்கள் கூப்பிடுவது இரண்டாவது முறை. முதல் முறை வெல்மா எடுத்து, அவனிடம் சொல்கிறேன் என்று சொல்லி, சொல்லவும் செய்தாள். அவன் சரி என்றான், அவ்வளவுதான்.

மேசைக்கு அடியில் அவன் கால் இழுத்தது. முட்டி பலகையில் இடித்து, அடுக்கி வைத்திருந்த கொத்துகள் சரிந்தன. அவன் கண்ணை மூடி, அது விடுகிற வரைக்கும் ரிசீவரைக் காதில் அழுத்திப் பிடித்தான். மறுமுனையில் அந்தப் பெண் ஏதோ கேட்டுக்கொண்டே இருந்தாள்.

வெல்மா கம்பியை இழுத்தாள். சொல்வதற்கு அவளிடம் ஆயிரம் இருந்தது. ஒரு பனியைப் பற்றித் தனக்குத் தெரியும் என்று நினைத்துப் பேசினது போதும். இது அவன் கால்.

"இன்னும் ஒரு நாள் வச்சிருக்கிறதா?" என்றான் ஹார்லன். "வேண்டாம்மா. திரும்ப அலமாரியில வச்சிடு. இன்னைக்கு வேண்டாம்."

ரிசீவரை மாட்டினான். நெற்றியைப் புறங்கையால் துடைத்தான். புறங்கையில் இருந்த பிசின் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

இன்னைக்கு என்று அவன் சொன்னது அவளுக்கு நன்றாகவே கேட்டது. நாளைக்கு என்ன சொல்வான் என்று அவளுக்குத் தெரியாது, அவனுக்கும் தெரியாது. சரிந்து கிடந்த கொத்துகளை அவன் ஒவ்வொன்றாக எடுத்து நிமிர்த்தினான். அவள் கம்பியை முறுக்கிக் கையை நீட்டினாள்.

"குடு," என்றாள். "இதுக்கு இன்னும் ஏழு வேணும்."